விடைபெறும் புலவர்: புறநானூற்றுப் பரிசிற் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

சங்கப் புலவரும் அவரைப் புரந்தோரும் கொண்டிருந்த உறவு பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை புலவன் புரவலனை நாடி வந்த வழியையும் அவன் பெற்ற பரிசிலின் சிறப்பையும் விரித்துரைப்பன. அதியமான் ஈந்த நெல்லிக்கனியும் குமணன் நீட்டிய வாளும் மேடைதோறும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளன. ஆயின், வந்த புலவன் எவ்வாறு திரும்பிச் சென்றான் என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. ஓர் உறவின் இயல்பு அது தொடங்கும்போது புலப்படுவதிலும் பார்க்க, அது முடியும்போதே தெளிவாகப் புலப்படும். தொடக்கத்தில் இரு திறத்தாரும் ஒருவர்க்கொருவர் இனியவராகவே தோன்றுவர். முடிவிலேதான் யார் யாரை என்னவாகக் கருதியிருந்தனர் என்பது வெளிப்படுகின்றது.

புலவன் - புரவலன் உறவினை நட்பென்றே கொண்டு போற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிசிராந்தையார், கபிலர் போன்றோர் வரலாறுகள் அதற்குத் துணை செய்கின்றன. எனினும், அடிப்படையில் அது ஒரு தொழிலுறவு என்பதை மறத்தலாகாது. புலவன் புகழைத் தந்தான்; புரவலன் சோற்றையும் ஆடையையும் பொன்னையும் தந்தான். பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், இப்பாடல்களை வீரயுகச் சமுதாயத்தின் வாழ்வியலோடு பொருத்தி நோக்கும் நெறியினை வலுப்படுத்தியது. அந்நெறியிலே நின்று நோக்குமிடத்து, விடைபெறும் பாடல்கள் தனிக்கவனத்திற்குரியனவாகின்றன. தொழிலுறவொன்றைப் பண்போடு முடித்துக்கொள்வது எவ்வாறு என்பதும், அவ்வாறு முடித்துக்கொள்ளும் வாய்ப்பு யார்க்கு இருந்தது என்பதும் இப்பாடல்களின் உள்ளே கிடக்கும் இரு வினாக்களாகும்.

விடைபெறுதல் என்பது தற்செயலான நிகழ்ச்சியாகவன்றி, வகுத்துரைக்கப்பட்ட ஓர் இலக்கியத் துறையாகவே அமைந்திருந்தமை முதலில் நோக்கற்பாலது. தொல்காப்பியர் பாடாண் திணையின் துறைகளை வகுக்குமிடத்து ‘இருவகை விடை’ என ஒன்றைக் குறிப்பிடுகின்றார். பரிசில் ஈந்தபின் தலைவன் தானே விடுத்தலும், பரிசில் பெற்றவன் தான் போதல் வேண்டுமென்று கூறிச் செல்லுதலும் ஆகிய இரண்டுமே அவை என்று உரைகாரர் விளக்குவர். பிரிவை முன்மொழியும் உரிமை கொடுப்பவனுக்கு மாத்திரமன்றிப் பெறுபவனுக்கும் இருந்தது என்பது இதனாற் பெறப்படும். இலக்கணம் இதனை ஒரு துறையாக ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று.

இத்துறையின் நிறைவான வடிவத்தைப் பொருநராற்றுப்படையிலே காணலாம். கரிகாலனிடம் பன்னாள் உண்டு, உண்ட பல்லெல்லாம் உழுத கொழுப்போலத் தேய்ந்து, உணவிலே வெறுப்புற்ற பொருநன் ஒருநாள் தன் சுற்றத்தாரிடம் செல்ல விரும்புவதாகச் சொல்கின்றான். மன்னன் வெகுண்டவன்போலக் காட்டிப் பின் யானைகளை வழங்குகின்றான். இனி அவனிடம் செல்லவிருக்கும் மற்றொரு பொருநனுக்கும் இத்தகைய விடையே கிட்டும் என்று முடத்தாமக் கண்ணியார் கூறுகின்றார். வெண்குதிரைகள் நான்கு பூட்டிய தேரிலே ஏறச் சொல்லி, குதிரைகளைத் தூண்டும் கோலின் முள்ளைக் களைந்து, ஏழடி தூரம் காலால் நடந்து பின்சென்று கரிகாலன் வழியனுப்புவான் என்பது அவர் தரும் காட்சி. முள்ளைக் களைந்த செயல் நுணுகி நோக்கத்தக்கது. செல்பவனை விரைந்து செல்லுமாறு தூண்டும் கருவி அங்கே வேண்டப்படவில்லை. வாயிலுக்கு வெளியே ஏழடி நடத்தல் கொடையினும் அரிய ஒன்று. பொருள் கொடுப்பதற்குச் செல்வம் போதும். பின்னால் நடப்பதற்குத் தன் நிலையிலிருந்து இறங்குதல் வேண்டும்.

ஆற்றுப்படை காட்டுவது விழுமிய நிலை. புறநானூற்றின் 200 ஆம் பாடலை அடுத்து வரும் சில பாடல்கள் காட்டுவதோ நடைமுறை நிலை. பரிசில் நீட்டித்தவன், குறைத்துக் கொடுத்தவன், காணாது கொடுத்தனுப்பியவன், தருவதாகச் சொல்லித் தாராதவன் எனப் பல்வகைப் புரவலர் இங்கே வருகின்றனர். இப்பாடல்களின் சூழலைத் தெரிவிக்கும் கொளுக்கள் பாடியவர் எழுதியவையல்ல. தொகுத்தோர் வழியே வந்தவை. ஆதலின் அவற்றை வரலாற்று ஆவணமெனக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். எனினும், பாடல்களின் உள்ளுறுப்புகளே பிரிவின் தன்மையை ஐயமின்றி உணர்த்தப் போதியனவாக உள்ளன.

206 ஆம் பாடலில் ஒளவையார் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலிலே நிற்கின்றார். பரிசில் நீட்டிக்கப்பட்டுள்ளது. அவர் அரசனிடம் பேசவில்லை. வாயில் காப்போனிடம் பேசுகின்றார். அஞ்சி தன்னை அறியானோ, அன்றி என்னை அறியானோ என வினவி, அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை என்று கூறி, யாழையும் கருவிப்பையையும் எடுத்துக் கட்டியாயிற்று என்கின்றார். மழுவேந்திய தச்சனின் கைவல்ல சிறுவர் காட்டினுட் புகுந்தால் எந்த மரமும் அவர்க்குப் பயன்படுவதுபோல, எத்திசை சென்றாலும் தமக்குச் சோறு உண்டு என்பது அவர் கூறும் உவமையின் கருத்து.

207 ஆம் பாடலில் இளவெளிமான் கொடுத்த சிறுபரிசிலைக் கொள்ளாத பெருஞ்சித்திரனார் தம் நெஞ்சை விளித்து, எழுக, செல்வோம் என்கின்றார். அருகிற் கண்டும் அறியாதார்போல முகமலர்ச்சியின்றித் தரப்படும் பரிசிலை முயற்சியற்றவரே விரும்புவர் என்பது அவர் கருத்து. 208 ஆம் பாடலில் அதே புலவர் அதியமானை நாடிச் சென்றபோது, தம்மைக் காணாமலே இதனைக் கொண்டு செல்க எனப் பொருள் அனுப்பப்படுகின்றது. தம்மைக் காணாது ஈந்த பொருளைக் கொள்வதற்குத் தாம் ‘வாணிகப் பரிசிலன்’ அல்லர் என்றும், தகுதியறிந்து விரும்பித் தந்து விடுத்தால் தினையளவும் இனிது என்றும் அவர் மறுமொழி கூறுகின்றார். கூலிக்கும் பரிசிலுக்கும் உள்ள வேறுபாட்டை இத்துணைச் சுருக்கமாக வரையறுத்த பாடல் பிறிதொன்று காண்டல் அரிது. பொருளின் அளவன்று, கண்டு கொடுத்தலும் கண்டு விடுத்தலுமே உறவை உறவாக்குகின்றன என்பது இங்கே நிலைநாட்டப்படுகின்றது.

இம்மூன்று பாடல்களிலும் பொதுவாய் அமைந்த ஒரு கூறு கூர்ந்து நோக்கத்தக்கது. கடுமையான சொற்கள் எவையும் புரவலனின் முகத்துக்கு நேரே சொல்லப்படவில்லை. ஒன்று வாயிலோனை நோக்கியது. ஒன்று நெஞ்சினை நோக்கியது. மற்றொன்று அரசனைப் படர்க்கையிலே வைத்துப் பேசுவது. இதற்கு மாறாக, புரவலனை நேரே விளிக்கும் பாடல்கள் வேறொரு தொனியில் முடிகின்றன. 209 ஆம் பாடலில் மூவனிடம் பரிசில் பெறாத பெருந்தலைச் சாத்தனார், ஈயாயாயினும் வருந்தேன் என்று கூறி, நோயின்றி வாழ்க என வாழ்த்துகின்றார். 211 ஆம் பாடலில் பெருங்குன்றூர் கிழார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முதல்நாள் கையிலிருப்பதுபோலக் காட்டி, மறுநாள் பொய்யாய்ப் போன பரிசில் அது. வீட்டிலே எலியும் மடிந்துவிட்டது. பாலின்மையால் மகன் தாய்முலையை மறந்துவிட்டான். ஆயினும், நாணும்படி சொல்லவேண்டியதைச் சொல்லிய பின்னர், மன்னன் மார்பைத் தொழுது வாழ்த்திச் செல்கின்றேன் என்றே அவர் முடிக்கின்றார்.

இவ்வகைப் பாடல்களுட் சிறந்ததாக 196 ஆம் பாடலைக் கொள்ளலாம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசில் நீட்டித்தபோது ஆவூர் மூலங்கிழார் பாடியது அது. இயன்றதைத் தருவதும் இயலாததை இல்லையென மறுப்பதும் ஆகிய இரண்டும் நட்பின்பாற் படுவன என அவர் ஒப்புக்கொள்கின்றார். இயலாததை இயலுமென்பதும், இயல்வதை இல்லையென்பதும் ஆகிய இரண்டுமே இரப்போரை வாட்டுவதோடு கொடுப்போர் புகழையும் குறைக்கும் வழி என்கின்றார். மறுத்தலை அவர் குற்றமாகக் கருதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. வாக்கை நம்பிக் காத்திருக்கச் செய்தலே குற்றமாகின்றது. இவ்வாறு குற்றத்தை ஒரேயொரு முறை, மிகையின்றி, பொதுநெறியாக எடுத்துரைத்தபின், நின் புதல்வர் நோயின்றி வாழ்வாராக என்று வாழ்த்தி, வெயிலென்று வெறுக்காமலும் பனியென்று சோம்பாமலும், காற்றை மறைக்கும் அளவேயான தம் எளிய மனையிலுள்ள மனைவியை நினைந்து செல்வதாகக் கூறி விடைபெறுகின்றார். குறையைக் கூறுதல், முன்னர்க் கூறிய புகழை மீளப்பெறாமை, வாழ்த்திச் செல்லுதல் என்னும் மூன்றும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. குறையைக் கூறாது வாழ்த்துவது அடிமைத்தனமாகும். வாழ்த்தாது குறைகூறுவது பகையாகும். இரண்டையும் தவிர்த்த நடுவழி ஒன்றினைப் புலவர் மரபு கண்டிருந்தது.

இந்நடுவழியிலிருந்து விலகிய பாடலும் உண்டு. இளவெளிமான் தந்ததைக் கொள்ளாது சென்ற பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடி யானை பெற்று, மீண்டு வந்து அதனை இளவெளிமானின் காவல்மரத்திலே கட்டிவிட்டு, இரவலரைப் புரப்பவன் நீயல்லை, புரப்போர் இரவலர்க்கு இல்லாமலுமில்லை, இது நான் தரும் பரிசில் என்று கூறிய 162 ஆம் பாடல் மேடைகளிலே பெரிதும் போற்றப்படுவது. புலவரின் பெருமிதத்துக்கு இதனைவிடச் சான்று வேறில்லை என்பர். ஆயின், இதனை ஆவூர் மூலங்கிழாரின் பாடலோடு ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓர் ஐயம் எழுகின்றது. தன்னை அவமதித்தவனைப் பெறுபவனாக்கித் தான் கொடுப்பவனாகும் இச்செயலிலே, உறவின் இழிந்த வடிவம் மாறவில்லை. இருவரும் இடம் மாற்றிக்கொண்டனர், அவ்வளவே. காவல்மரத்திலே யானையைக் கட்டுதல் போரில் வென்றோர் செய்யும் செயல். விடைபெறுதல் இங்கே வெற்றிகொள்ளுதலாக மாறிவிட்டது. அது வியக்கத்தக்கதே, எனினும், இளவெளிமானோடு இனி ஒரு சொல்லும் பேசுவதற்கு இடமில்லாது செய்தது.

ஏனைய புலவர் அவ்விடத்தை விட்டுவைத்தனர் என்பதற்கு ஒளவையாரே சான்று. 206 இல் யாழைக் கட்டி எழுந்த அதே ஒளவையார்தாம் 101 ஆம் பாடலில், பலநாள் பலரொடு சென்றாலும் அதியமான் முதல்நாள் போன்ற விருப்பமுடையவன் என்றும், அவன் பரிசில் நீட்டிப்பினும் அது யானை தன் கோட்டிடையே வைத்துக்கொண்ட கவளம்போலத் தவறாதது என்றும் பாடியவர். அவன் இறந்தபின் கையறுநிலை பாடியவரும் அவரே. இப்பாடல்கள் எழுந்த காலவரிசை தொகுப்பினால் அறியத்தக்கதன்று. ஆயின், எவ்வரிசையிற் கொண்டாலும் ஒன்று தெளிவு: வாயிலிலே சொல்லப்பட்ட அச்சொற்கள் உறவைக் காயப்படுத்தினவேயன்றிக் கொல்லவில்லை. பெருங்குன்றூர் கிழாரும் அவ்வாறே. வெறுங்கையோடு சென்ற அவரே பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தில் அதே சேரர் குடியைச் சேர்ந்த இளஞ்சேரல் இரும்பொறையைப் பாடி முப்பத்தீராயிரம் காணம் பெற்றார் எனப் பதிகம் கூறுகின்றது.

இத்துணை நிமிர்வு புலவர்க்கு எங்கிருந்து வந்தது? தனிமனித ஒழுக்கத்தின் உயர்வே காரணமென்பது வழக்கமான விடை. அவ்விடை முழுமையானதன்று. ஒளவையாரின் உவமையே வேறொரு விடையை உள்ளடக்கியிருக்கின்றது. தச்சச் சிறுவரின் தன்னம்பிக்கைக்கு இரண்டு காரணங்கள் உள்ளன: கையிலே மழு இருக்கின்றது, முன்னே காடு இருக்கின்றது. புலவரின் மழு அவர்தம் சொல்லாற்றல். எவனும் பறித்துக்கொள்ள முடியாத உற்பத்திக் கருவி அது. காடு என்பது அன்றைய தமிழகத்தின் அரசியல் நிலை. மூவேந்தரோடு எண்ணற்ற வேளிரும் குறுநிலத் தலைவரும் தத்தம் மலைகளிலும் ஊர்களிலும் ஆண்ட காலம் அது. அவர்கள் ஒவ்வொருவர்க்கும் புகழ் தேவையாயிருந்தது. தகடூரிலே கிட்டாதது முதிரத்திலே கிட்டும். உலகம் பெரிது, பேணுவோர் பலர் என்னும் பெருஞ்சித்திரனாரின் துணிவு வெறும் உளநிலையன்று. அக்காலப் பொருளியல் நிலையின் சரியான கணிப்புமாகும்.

இவ்விடத்து ஒரு மறுப்புக் கூறப்படலாம். எலி மடிந்த வீடும் பால் மறந்த குழந்தையும் காட்டும் வறுமை உண்மையாயின், அத்தகைய வறியவர் பரிசிலை மறுத்துச் சென்றமைக்குப் பொருளியல் காரணம் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? வறுமைச் சித்திரம் ஓரளவு துறைமரபு சார்ந்தது எனினும், மறுப்பின் வலிமையைப் புறக்கணித்தல் ஆகாது. காடு இருந்தமை செல்லுதலைச் சாத்தியமாக்கியது, அவ்வளவே. பசியோடு நிற்கும்போது வாழ்த்திவிட்டுச் செல்லத் தூண்டியது புலவர்தம் பண்பே. சமுதாய நிலை வாயிலைத் திறந்து வைக்கலாம். அதன்வழியே எவ்வாறு நடந்து வெளியேறுவது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர்.

அக்காடு சுருங்கியபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் இலக்கிய வரலாறு காட்டுகின்றது. குறுநிலத் தலைவர் மறைந்து பேரரசு தலையெடுத்த பிற்காலச் சோழர் காலத்தில், ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் விளங்கினார். மூவர்மீதும் உலாப் பாடினார். உலா என்னும் பிரபந்தத்திலே புலவன் விடைபெறுதற்கு இடமில்லை என்பது வடிவம் பற்றிய செய்தி. ஆயின், அவ்வடிவம் அவைக்கு உகந்ததாய் நிலைபெற்றமை சமுதாயம் பற்றிய செய்தி. கம்பர் சோழனோடு முரணி அவையை நீங்கினார் என்னும் செவிவழிக் கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. எனினும், அக்கதையில் வரும் கம்பர் கடுஞ்சினத்தோடு வெளியேறுகின்றார், வாழ்த்திச் செல்லவில்லை. செல்லுமிடம் அருகியபோது செல்லுதல் கலகமாகின்றது. எளிதாகச் செல்லக்கூடியவனே இனிதாகவும் செல்லக்கூடும்.

இந்நோக்கு மீண்டும் 206 ஆம் பாடலுக்கே இட்டுச் செல்கின்றது. ஒளவையாரின் சொற்களை நேரிற் கேட்டவன் வாயிலோன் ஒருவனே. வள்ளியோர் செவியிலே சொற்களை விதைத்துத் தாம் எண்ணியதை விளைவிக்கும் பரிசிலர்க்கு அடையாத வாயிலைக் காப்பவன் என்று அவனை விளித்தே பாடல் தொடங்குகின்றது. புலவர்க்கு வாயிலைத் திறப்பதும் அவர் சென்றபின் அங்கேயே நிற்பதும் அவன் தொழில். அவனும் அதே அரண்மனையின் சோற்றை உண்பவன். அவனுக்கும் ஊதியம் நீட்டிக்கப்பட்டிருக்கலாம். அவனையும் அரசன் காணாது சென்றிருக்கலாம். ஆயின் அவனிடம் மழுவில்லை. எத்திசையும் அவனுக்குச் சோறு வைத்திருக்கவில்லை. பரிசிலர்க்கு ‘இருவகை விடை’ வகுத்த தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அகத்திணையியலிலே குறிப்பிடுகின்றது. ஐந்திணைக்குப் புறம்பாகிய கைக்கிளை பெருந்திணைகளுக்கே அவர்கள் உரியராக்கப்பட்டனர். பிறர் ஏவல் செய்து வாழ்ந்த அவர்கள் தம் தலைவனிடம் விடைபெற்ற பாடல் ஒன்றேனும் தொகைநூல்களில் இல்லை.

புலவரின் பெருமிதத்தை இது குறைத்து மதிப்பிடுவதாகாது. வாழ்த்தோடு பிரிதல் என்னும் அரிய நெறியினை அவர்கள் வகுத்து, வறுமையிலும் காத்தனர். அது தமிழ் மரபின் உண்மையான பேறு. ஆயின், அந்நெறியைத் தமிழர் அனைவரதும் பண்பாடெனப் பொதுவாகப் போற்றுமுன், அது யார்க்கு வாய்த்தது, யார்க்கு வாய்க்கவில்லை என்று கேட்டல் திறனாய்வின் கடமை. ஒளவையார் சென்றுவிட்டார், அவர் சொல் ஈராயிரம் ஆண்டளவு நிலைத்துவிட்டது. அச்சொல்லை முதலிற் கேட்டவன் என்ன மறுமொழி கூறினான் என்பதை எந்தப் புலவரும் பதிவு செய்யவில்லை. கதவைத் திறந்துவிட்ட அவனுக்கும் அதே நிமிர்வோடு விடைபெற்றுச் செல்லும் வழி உண்டாகும் சமுதாயத்திலேயே, புறநானூற்றின் இந்நெறி தன் முழுப்பொருளையும் பெறும்.